நாற்பத்தெட்டு வீடும் ஒரு கூடமும்

ரெய்ன்டர் ஹாவிங்கா முப்பது வருடத் தொழிலில் நாலாயிரம் வீடுகளுக்கு மேல் வரைபடம் போட்டவர். அவற்றில் எத்தனை எழுந்து நிற்கின்றன என்று யாராவது கேட்டால், காப்பி ஆறுகிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவார். நிற்பவை ஒரு பேருந்து நிழற்குடையும் இரண்டு சைக்கிள் கொட்டகையும். ஆனால் மனிதருக்கு விருதுக்குப் பஞ்சமில்லை. கட்டாத கட்டடத்துக்கு விருது கொடுப்பதில் எங்கள் நாட்டை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ‘சிறந்த தொலைநோக்கு’, ‘சிறந்த கலந்துரையாடல்’, ‘ஆண்டின் துணிச்சலான வரைவு’ என்று கண்ணாடிக் கேடயங்கள் கூடத்து அலமாரியை நிரப்பிவிட்டு, மிச்சம் கழிப்பறையில், எங்கள் வழக்கப்படி அங்கே மாட்டிய பிறந்தநாள் காலண்டருக்குக் கீழே வரிசை கட்டி நின்றன.

இப்பேர்ப்பட்டவரின் மகள் ரென்ஸ்கே குடியிருக்க வீடில்லாமல், கணவன் ஹார்மோடும் ஐந்து மாதக் குழந்தை நீன்கேயோடும் அப்பாவின் மாடியறையில் இருந்தாள். அதுதான் அவர் வரையும் அறை. வரைபலகை கீழே இறங்கித் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டது. இயந்திரம் பிழிய ஆரம்பித்தால் அவர் போடும் கோடு நடுங்கும். ரென்ஸ்கே பதினெட்டு வயதிலேயே நகராட்சியின் வாடகை வீட்டுக்குப் பெயர் பதிந்தவள். பதினோரு வருடம் காத்திருந்து வரிசையில் முந்நூற்றுப் பதினொன்றாவது ஆளாக முன்னேறியிருந்தாள்.

“ஹார்முக்கு எம்டன்ல வேலை வருதுப்பா,” என்றாள் ஒரு நாள், குழந்தைக்கு ஆப்பிள் மசித்துக்கொண்டே. “எல்லை தாண்டினா ஜெர்மனியில வீடு கிடைக்குது. அடுத்த இலையுதிர் காலம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள எனக்குன்னு ஒரு கதவு, ஒரு சாவி வரலைன்னா நாங்க கெளம்புறோம்.”

ரெய்ன்டர் பேத்தியின் பக்கம் திரும்பினார். பேத்தி காலையில் அவர் மூக்கைப் பிடித்து இழுக்காவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. எம்டன் ஒரு மணி நேர ஓட்டம்தான். ஆனால் மூக்குக்கு அது ரொம்பத் தூரம்.

அந்த வாரமே, எங்கள் ஊர் ஓல்டெஹாவனின் நகராட்சி அவரைக் கூப்பிட்டுப் பழைய சர்க்கரை ஆலை மைதானத்தில் நாற்பத்தெட்டு வாடகை வீடு வரையச் சொன்னது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தார்.

“இந்தத் தடவை நிஜமாவே கட்டப் போறாங்க, டீனெகே.”

“போன தடவையும் நிஜமாத்தான் சொன்னாங்க,” என்றாள் அவர் மனைவி.

“இது நகராட்சியோட சொந்த நிலம்.”

“நகராட்சியோடதா? அப்ப சரி, இன்னொரு கேடயத்துக்கு இடம் பாக்குறேன்.”

நாற்பத்தெட்டு வீடு எழுந்தால் வரிசை நகரும், வரிசை நகர்ந்தால் மகளுக்கு ஒரு சாவி வரும் என்று ரெய்ன்டர் நினைத்தார். நினைத்ததோடு சரி, கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை. இருபது நாளில் வரைபடம் தயார்.

அதை வாங்கிக்கொண்டவர் மெரெல் ஓஸ்டிங் அம்மாள், நகராட்சியின் பங்கேற்பு இயக்குநர். கழுத்தில் மஞ்சள் மணிமாலை, குரலில் எப்போதும் ஆறுதல். வரைபடத்தைப் பிரிக்காமலே மேசையில் வைத்தார்.

“அருமை. ஆனா ரெய்ன்டர், நாம இன்னும் யாரையும் கேக்கலையே.”

“எதைக் கேக்கணும்?”

“அதையும் அவங்கதான் சொல்லணும்.”

ஆக, ஊர்க்கருத்தைக் கேட்க முதல் பங்கேற்புக் கூட்டம். தேவாலயத்தின் பின்கட்டில் இரவு ஏழரை மணிக்கு அறுபத்தோரு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு காப்பி, ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட், உடனே டப்பா மூடப்பட்டது. பிறகு ஆளுக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுத்தாள். மனதில் இருப்பதை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். வீடு தேடுகிறவர்கள் யாரும் வரவில்லை. அவர்களை அழைக்க முகவரி வேண்டும், முகவரி இருந்தால் அவர்கள் ஏன் வீடு தேடப் போகிறார்கள்? வந்தவர்கள் எல்லாரும் சொந்த வீட்டிலிருந்து நடந்து வந்தவர்கள்.

கால்வாய் ஓரத்துக் கீர்ட் மூல்டர் முதலில் எழுந்தார். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். “எனக்கு வீடுங்க மேல எந்த விரோதமும் கெடையாது,” என்றார். “வீடு நாட்டுக்கு அவசியம். அவசியமான ஒண்ணை அவசரப்பட்டு இந்த இடத்துல வைக்கணுமா? இருபது வருஷமா நான் அந்தக் காலி மைதானத்தப் பாத்துக்கிட்டே காப்பி குடிக்கிறேன். அது வெறும் மைதானம் இல்ல, அது என் காலை.”

எல்லாரும் ஆமோதித்து விரல் நுனியால் நாற்காலியைத் தட்டினார்கள். மெரெல் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுவரில் இருநூற்றுப் பதினான்கு தாள்கள். கார் குறையட்டும், கார் நிறுத்த இடம் கூடட்டும், தண்ணீர் வேண்டும், தண்ணீர் வேண்டாம், இளைஞர்கள் வரட்டும், சத்தம் வரக் கூடாது. ஒரு தாளில் யாரோ ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள்.

“இது கொழந்தை கிறுக்கினது,” என்று ரெய்ன்டர் அதைப் பிய்க்கப் போனார்.

மெரெல் அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு குரலையும் நாம ஒதுக்கிறதில்ல. ஒவ்வொரு தாளுக்கும் நீங்க எழுத்துல பதில் தரணும். அதுதான் நம்ம முறை.”

தந்தார். அதற்கே நான்கு மாதம் பிடித்தது. ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் ஆறு பக்கம். அந்த விலங்கு குறிப்புணர்த்தும் உயரம், நிதானம், தொலைவுப் பார்வை ஆகியவை திட்டத்தில் எப்படி உள்வாங்கப்பட்டன என்று எழுதும்போது ரெய்ன்டருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. எழுதி முடித்துப் படித்தால், அடப்பாவி, நன்றாகவே இருந்தது.

அடுத்து அழகுக் குழு. கறுப்பு ஸ்வெட்டரும் வட்டக் கண்ணாடியும் போட்ட ஐந்து பேர். ஊரில் எந்தக் கட்டடமும் இவர்கள் கண்ணில் பட்டுத்தான் எழும்ப வேண்டும். கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் தலைவர் வாய் திறந்தார்.

“கூரைக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்தி.”

“கூரைக்கா?”

“ஊருக்குப் புதுசா வர்ற ஒண்ணு இவ்ளோ நிச்சயமா நிக்கலாமா? கொஞ்சம் சந்தேகப்படட்டும்.”

ரெய்ன்டர் கூரையைச் சந்தேகப்பட வைத்தார். அடுத்த மாதம், கூரை தயங்குகிறது, எங்களுக்குத் தயக்கம் பிடிக்காது என்றார்கள். அதற்கடுத்த மாதம் கூரை அடக்கமாக இருந்தது, ஆனால் அந்த அடக்கத்தில் ஒரு கர்வம் தெரிந்ததாம். நான்காவது மாதம் வெறுத்துப்போய் முதல் வரைபடத்தையே தேதி மாற்றி எடுத்துப்போய் வைத்தார்.

“இது,” என்று தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். “இது பயணம் பண்ணின கூரை. எங்க தலையீடு இல்லாம இந்த எடத்துக்கு நீங்க வந்திருக்க முடியாது.”

அதில் உண்மை இருந்ததால் ரெய்ன்டர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டார்.

பிறகு ஆலையின் புகைபோக்கியில் மூன்று வௌவால் இருப்பதாகத் தெரியவந்தது. சட்டப்படி அவற்றுக்கு மாற்றுக் குடியிருப்பு தந்த பிறகுதான் மனிதருக்குக் கல் எடுத்து வைக்கலாம். வடக்கே மூன்று மரக்கூண்டு, தெற்கே மூன்று, ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள. பதினோரு நாளில் அனுமதி வந்தது, பன்னிரண்டாம் நாள் கூண்டும் வந்தது.

ரென்ஸ்கே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். “அப்பா, இந்த வௌவாலுக்கு வரிசை எண் எத்தனை?”

ரெய்ன்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் ஜன்னலுக்குப் போனார், ஜன்னலில் நின்றால் கைபேசியை எடுத்து நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று பார்த்தார். ஹார்ம் எம்டனுக்கு நேர்முகத்துக்குப் போய்வந்தான். மாடியில் அட்டைப்பெட்டிகள் மடிப்புக் கலையாமல் சுவரில் சாய்ந்திருந்தன.

கோடை முடியும் தருவாயில் அவரே மெரெல் அம்மாளின் அறைக்குப் போய் நின்றார்.

“எப்ப ஆரம்பிக்கிறோம்?”

“ஆதரவு எண்பத்தேழு சதவீதம் வந்திருச்சு, ரெய்ன்டர். அற்புதம் இல்ல?”

“அப்ப ஆரம்பிக்கலாமே.”

“மீதி பதிமூணு என்ன உணருதுன்னு நமக்குத் தெரியாதே.” அம்மாள் அவரை உட்காரச் சொன்னார். “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கட்டடத்தையே பாக்குறீங்க. வீடு இன்னைக்கு நிக்கும், நூறு வருஷத்துல இடிஞ்சிரும். ஆனா வீட்டைப் பத்தி ஒரு ஊரே வட்டமா ஒக்காந்து பேசிச்சு பாருங்க, அது இடியாது. பதினெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒரு வீடுகூட என் கையால எழும்பல. ஒருத்தர்கூட மனசு புண்பட்டு வெளிய போனதும் இல்ல. இதைவிட ஒரு அதிகாரிக்கு என்ன வேணும்?”

கையோடு அம்மாள் அடுத்த செய்தியையும் சொன்னார். கீர்ட் மூல்டர் மனம் திறந்து பேச முடியாமல் தவிக்கிறாராம். தேவாலயப் பின்கட்டில் காற்று அடிக்கிறதாம். எனவே மைதானத்திலேயே, வீடுகள் வரப்போகும் இடத்திலேயே, வீடுகளைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு கூடம் கட்ட நகராட்சி முடிவு செய்திருக்கிறது. பெயர் ‘கேட்கும் கூடம்’. வரைவது ரெய்ன்டர்.

“அதுக்கு எத்தனை மாசம் கேக்கணும்?”

“கேக்க வேண்டாம். அது வீடு இல்லையே. தற்காலிகக் கட்டடம், பத்து வருஷத்துக்கு. பங்கேற்புக்கான கட்டடத்துக்குப் பங்கேற்பு தேவையில்ல.”

வரைந்து கட்டி முடிக்க ஆறே வாரம். அழகுக் குழு கிடையாது, ஒட்டுத்தாள் கிடையாது. ரெய்ன்டர் வெறி பிடித்தவர் போல வரைந்தார். முப்பது வருடமாக உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் அந்த ஒரு கூடத்தில் வந்து இறங்கியது. தரைக்கடியில் கதகதப்பு, ஒழுங்கான சமையலறை, குளியல் வசதி, தெற்குச் சுவர் முழுக்க ஒரே ஜன்னல், குளிர்காலத்து வெயில் மேசை வரைக்கும் வந்து விழும். முதல் செங்கல்லை வைக்கும்போது அழுதுவிட்டார். கொத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூடம் எழுந்தது. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம், மற்ற நாளெல்லாம் காலி. காலிக் கட்டடம் என்றால் எங்கள் ஊரில் யாராவது பூட்டை உடைத்துக் குடியேறிவிடுவார்கள். காவலுக்கு ஆளைக் குடிவைத்தால்தான் காப்பீடு தருவோம் என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். காவல் குடியிருப்பு என்பது ஒரு விசித்திரமான ஏற்பாடு. இருக்கலாம், ஆனால் வாடகைக்காரர் இல்லை. ஆணி அடிக்கக் கூடாது. இருபத்தெட்டு நாள் அவகாசத்தில் வெளியே போகச் சொல்லலாம்.

“நான் இருக்கேன்,” என்றாள் ரென்ஸ்கே, அப்பா சொல்லி முடிப்பதற்குள். எம்டன் வேலையை ஹார்ம் மறுத்துக் கடிதம் போட்டான். அட்டைப்பெட்டிகள் மைதானத்துக்குப் போயின.

கதவு வந்தது, சாவி வந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் தொட்டிலைச் சாமான் அறைக்குள் தள்ளி, அடுப்பிலிருந்த சூப்பை மூடி, மூவரும் கால்வாய் ஓரம் நடக்கப் போக வேண்டும். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார்கள். கீர்ட் மூல்டர் நிழலின் நீளத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கையில் நீன்கே அம்மா மடியிலிருந்து இறங்கி, வட்டத்தின் நடுவே நான்கு அடி எடுத்து வைத்தாள். பிறந்ததிலிருந்து அதுவே முதல் நடை. ரெய்ன்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அறிக்கையில் இப்படிப் பதிவாயிற்று: ‘இளைய தலைமுறை தன் நிலைப்பாட்டை முன்வைத்தது. குறித்துக்கொள்ளப்பட்டது.’

இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு என்ன காற்று அடித்ததோ, கீர்ட் மூல்டர் வெயிலுக்காக ஸ்பெயினில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் ஆதரவு தானாக நூறைத் தொட்டது. நகர மன்றம் ஒருமனதாகக் கை தூக்கியது. மெரெல் அம்மாள் எழுந்து பேசினார்.

“நாப்பத்தெட்டுக் குடும்பம் சாவி வாங்கப் போகுது. மறுக்கல, அது நல்ல விஷயம்தான். ஆனா என் மனசுல ஒரு வெறுமை. இனிமே எதைப் பத்திப் பேசப் போறோம்?”

ரெய்ன்டருக்கு அந்தப் பேச்சு காதில் ஏறவில்லை. அவர் வரைந்த வீடுகள் எழப்போகின்றன. இதற்குள் அவர் வயது ஐம்பத்தொன்பதிலிருந்து அறுபத்திரண்டு ஆகிவிட்டது, போகட்டும். கடையில் கிரீம் கேக் வாங்கிக்கொண்டு நேராகக் கூடத்துக்கு மிதித்தார்.

ரென்ஸ்கே மேசையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் அவள் கைமேல் விழுந்திருந்தது. பக்கத்தில் நகராட்சிக் கடிதம். கட்டட வேலை தொடங்குவதால் கூடம் அகற்றப்படும், இருபத்தெட்டு நாள், ஒத்துழைப்புக்கு நன்றி.

“எதிர்மனு போட எத்தனை வாரம் டைம்ப்பா?”

“ஆறு வாரம். எதுக்கு?”

அவள் தாளைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினாள். நாற்பத்தெட்டு வீட்டுத் திட்டத்துக்கு ஆட்சேபம். ஏழாம் எண்ணிலிருந்து பன்னிரண்டாம் எண் வரை உள்ள வீடுகள் எங்கள் சமையலறை வெளிச்சத்தை மறைக்கின்றன.

“ரென்ஸ்கே, அது நான் வரைஞ்ச வீடு.”

“இந்த ஜன்னலும் நீ வரைஞ்சதுதான்.”

“வீடில்லாம எத்தனை பேர் தவிக்கிறாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீயே சொல்லலாமா?”

“அந்த நாப்பத்தெட்டுல என் பேர் எங்க இருக்குன்னு காட்டுப்பா.” அவள் குரல் உயரவில்லை. “நேத்து போன் பண்ணிக் கேட்டேன். வரிசையில இப்ப நான் இருநூத்தித் தொண்ணூத்தெட்டு. நீ வரைஞ்ச அத்தனையும் நாளைக்கே எழுந்தாலும் எனக்கு முன்னால இருநூத்தி நாப்பத்தொம்பது பேர் நிப்பாங்க. எம்டன் வேலையும் போச்சு. திரும்ப ஒன் மாடிக்கு வந்து, கீழேருந்து வர்ற வாஷிங் மெஷின் சத்தத்துல கொழந்தைய வளக்கச் சொல்றியா?”

ரெய்ன்டர் வெளியே வந்தார். மைதானத்தை ஒரு சுற்று சுற்றினார். ஏழாம் எண் இங்கே, பன்னிரண்டு அங்கே, பிள்ளைகள் ஓடும் சந்து இந்தப் பக்கம். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்து இன்றைக்குத்தான் கைக்கு எட்டியது. நாற்பத்தெட்டுக் குடும்பங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க முயன்றார். ஒரு முகமும் வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே முகம், அது அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. இன்னொரு சுற்று சுற்றினார். சைக்கிளில் ஏறி வீடு நோக்கிப் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார்.

ரென்ஸ்கே கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். நீன்கே கேக் பெட்டியைப் பிரிக்கப் பார்த்தாள்.

“அது நிக்காது,” என்றார் ரெய்ன்டர் வாசலிலிருந்தே.

“எது?”

“வெளிச்சத்த மறைக்குதுன்னு எழுதினா ரெண்டே வாரத்துல தள்ளிடுவாங்க. யார் வேணா அப்படிச் சொல்லலாம்.” கோட்டைக் கழற்றாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, உறையிலிருந்து தாளை எடுத்தார். “நிழல் எங்க விழும்ங்கற வெயில் கணக்கு இந்தக் கூடம் வர்றதுக்கு முன்னால போட்டது. அப்ப இங்க முகவரியே கெடையாது. இப்ப ஆள் பதிஞ்ச முகவரி இருக்கு, அதுல ஒரு கொழந்தையும் இருக்கு. கணக்க முதல்லேருந்து போடணும். கணக்கு மாறினா கூரை மாறும். கூரை மாறினா அழகுக் குழுவுக்குப் போகணும். அங்கேருந்து மறுபடியும் ஊரைக் கேக்கணும். அதுவரைக்கும் வேலை தொடங்காது, இந்தக் கூடத்தையும் யாரும் தொட முடியாது.”

“எவ்ளோ நாள் ஆகும்?”

“நாலு வருஷம்,” என்றார். பேனாவைக் கையில் எடுத்து, தன் திட்டத்தின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டார். “நல்லா எழுதினா ஆறு.”

“அப்ப நல்லாவே எழுதுப்பா,” என்றாள் ரென்ஸ்கே. கேக்கை நான்கு தட்டில் வைக்கப் போனாள்.